மூளி அலங்காரி முதல் மெட்டி ஒலி வரை: தார்சாவில் சொன்ன தீர்ப்புகள்

சீரியல் பார்க்கிறவர்களைப் பற்றி நம்மிடம் ஒரே ஒரு ஜோக்தான் இருக்கிறது. அதையே இருபத்தைந்து வருஷமாக மாத்தி மாத்திச் சொல்லிக்கிட்டு இருக்கோம். "எங்க வீட்ல சீரியல் வில்லியைப் பாத்து நெசமாவே சாபம் விடுறாங்க சார்!" பட்டிமன்ற மேடையில் இதைச் சொன்னால் கைதட்டல் நிச்சயம். ஆனால் அந்த ஜோக்குக்குள்ளே ஒரு கருத்து உட்கார்ந்திருக்கிறது. படிப்பு இல்லாத பெண்களுக்கு நடிப்பு எது, நிஜம் எது என்று பிரித்துப் பார்க்கத் தெரியாது என்பதுதான் அது.

இந்தக் கருத்து எவ்வளவு தூரம் சரி என்று கொஞ்ச நாளாகவே தேடிக்கொண்டிருந்தேன். எனக்குப் பிழைப்பு சாஃப்ட்வேர், ஊர் திருநெல்வேலிச் சீமை, சனி ஞாயிறு பொழுதுபோக்கு பழைய புத்தகங்கள். தேடப்போன இடத்தில் கிடைத்தது எதிர்பார்த்ததை விடப் பெரிய விஷயம். கதாபாத்திரத்தைத் திட்டுவது நம்ம ஊரில் டிவி வருவதற்கு ரொம்ப முன்னாடியே இருந்த ஒரு பழக்கம். அதோடு, அப்படித் திட்டியவர்கள் சில சமயம் கதையையே மாற்றியிருக்கிறார்கள். யார் திட்டினால் கதை மாறியது, யார் திட்டியும் மாறவில்லை என்பதில்தான் நம்ம ஊர் வரலாற்றின் ஒரு துண்டு ஒளிந்திருக்கிறது.

முதலில் அந்தப் "படிக்காதவங்க" கதையை முடித்துவிடுவோம். அதற்குக் கொஞ்சம் இங்கிலாந்து போய்விட்டு வரணும்.

மான்செஸ்டர் ஸ்கோர்போர்டு

'கோரனேஷன் ஸ்ட்ரீட்' என்று ஒரு பிரிட்டிஷ் தொடர். 1960 டிசம்பர் 9-ஆம் தேதி ஆரம்பித்து இன்னும் ஓடிக்கொண்டிருக்கிறது. மான்செஸ்டர் பக்கத்தில் இருப்பதாகக் கற்பனை செய்த ஒரு ஊரில், உழைக்கும் ஜனங்கள் குடியிருக்கிற ஒரு தெரு. அதில் நடக்கிற குடும்பச் சண்டைகள்தான் கதை. 1983-இல் டியர்ட்ரி என்ற மனைவி, கணவன் கென்னோடு இருப்பதா, மைக் என்ற இன்னொருவனோடு போவதா என்று திணறிக்கொண்டிருந்தாள். முடிவு தெரிகிற எபிசோடு ஓடிய அன்று ராத்திரி, ஓல்ட் டிராஃபோர்டு மைதானத்தில் மான்செஸ்டர் யுனைடெடுக்கும் ஆர்சனலுக்கும் கால்பந்து ஆட்டம். மைதானத்தின் ஸ்கோர்போர்டில் ஒரு அறிவிப்பு வந்தது: கென் 1, மைக் 0. கூட்டம் ஆரவாரம் செய்தது.

அதே டியர்ட்ரியை 1998-இல் கதையில் ஜெயிலுக்கு அனுப்பினார்கள். விமான பைலட் என்று பொய் சொல்லி ஏமாற்றிய ஒருவன் செய்த மோசடிக்கு இவள் மாட்டிக்கொண்டாள். நிஜமான செய்தித்தாள்கள் அவளை விடுதலை செய்யச் சொல்லி இயக்கம் நடத்தின. பிரதமர் டோனி பிளேர்கூட, பாதி வேடிக்கையாகத்தான், அதில் வாயைக் கொடுத்தார். சில வாரங்களில் டியர்ட்ரி வெளியே வந்துவிட்டாள்.

இவர்கள் யாருக்கும் அது நாடகம் என்று தெரியாதா? நல்லாவே தெரியும். 2016-இல் 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற பிபிசி வானொலித் தொடரில், ஹெலன் என்பவளைப் புருஷன் கொஞ்சம் கொஞ்சமாக மனசளவில் நசுக்குகிற கதை போனது. கேட்டவர்கள் ஹெலன் பெயரில் ஒரு நிதி திரட்டினார்கள். ஒரு லட்சம் பவுண்டுக்கு மேல் சேர்ந்தது. அந்தப் பணம் ஹெலனுக்கா போச்சு? வீட்டு வன்முறையிலிருந்து தப்பி வருகிற நிஜப் பெண்களுக்கு அடைக்கலம் தருகிற அமைப்புக்குப் போனது. கற்பனை எது, நிஜம் எது என்று தெரிந்ததனால்தான் பணம் சரியான இடத்துக்குப் போய்ச் சேர்ந்தது.

ஆக, கதாபாத்திரத்திடம் கோபப்படுகிறவர்கள் அந்தக் கதாபாத்திரத்தைப் பற்றி மட்டும் பேசுவதில்லை. அந்தச் சாக்கில் வேறு எதையோ பேசுகிறார்கள். இதை மனசில் வைத்துக்கொண்டு ஊருக்குத் திரும்புவோம்.

சுளகும் சீரியலும்

முக்கூடல், கடையம், ஆலங்குளம், மேலப்பாளையம் என்று திருநெல்வேலி வட்டாரத்து ஊர்களில் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுகிற பெண்கள் உண்டு. மடியில் சுளகு, அதில் வெட்டிய இலை, ஒரு பக்கம் தூள், நூல்கண்டு. பழகிய கை தானாகச் சுற்றும், கண்ணுக்கும் காதுக்கும் வேலை இல்லை. தனியாக உட்கார்ந்து சுற்றினால் அலுப்புத் தட்டும் என்று நாலைந்து பேர் ஒரு வீட்டுத் தார்சாவில் கூடிவிடுவார்கள். ஒரு காலத்தில் அந்தக் காதுக்கு இலங்கை வானொலி தீனி போட்டது. அப்புறம் டிவி வந்தது.

'மெட்டி ஒலி' சன் டிவியில் 2002 முதல் 2005 வரை ஓடியது. திருமுருகன் இயக்கம், 811 எபிசோடு. டெல்லி குமார் நடித்த சிதம்பரத்துக்கு ஐந்து பெண் மக்கள், தாய் இல்லை. ஒவ்வொருத்தியாகக் கட்டிக்கொடுத்து, ஒவ்வொருத்தி வீட்டிலிருந்தும் வருகிற பிரச்சினையை அந்த மனுஷன் சுமப்பதுதான் கதை. அதில் சரோஜா என்ற மகளுக்கு வாய்த்த மாமியார் சாந்தி வில்லியம்ஸ், புருஷன் மாணிக்கமாக சேத்தன்.

எங்கள் பெரியம்மை வீட்டுத் தார்சாவில் இந்தத் தொடரைப் பார்த்தபடி பீடி சுற்றுகிற கூட்டத்தில், லீவுக்கு ஊருக்குப் போகும்போது நானும் உட்கார்ந்திருக்கிறேன். மாமியார் சரோஜாவைப் படுத்தும்போது வசவு தொடங்கும்.

"இவ வெளங்குவாளா? கரிமுடிஞ்சு போவா."

"ஏளா, அவளை மட்டும் சொல்லாத. தாயிக்கும் பொண்டாட்டிக்கும் நடுவுல முழிச்சிக்கிட்டு நிக்கான் பாரு, அந்தச் சவத்து மூதிய முதல்ல சொல்லு."

"அவன் என்னக்கா செய்வான்?"

"என்ன செய்வானா? வாயத் தொறந்து ஒரு வார்த்த சொல்லுவான்!"

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. இப்படிச் சொல்லிக்கொண்டிருந்த மருமகளின் மாமியாரும் அதே தார்சாவில், சுவரில் சாய்ந்து, அதே பீடியைத்தான் சுற்றிக்கொண்டிருந்தார்கள். "நாங்கல்லாம் அப்பிடியா வச்சிருந்தோம்?" என்று மட்டும் கேட்டார்கள். யாரும் பதில் சொல்லவில்லை. ஒருத்தி நூலைப் பல்லால் கடித்து அறுத்தாள். அடுத்த விளம்பரம் வந்தது.

அந்த மருமகள் சொந்த மாமியாரிடம் நேருக்கு நேர் அந்த வார்த்தையைச் சொல்லியிருந்தால் வீடு இரண்டாகியிருக்கும். சரோஜாவின் மாமியாரை வைத்துச் சொன்னதால் எல்லாரும் கேட்டார்கள், மாமியார் ஒரு கேள்வி கேட்டார்கள், பக்கத்து வீட்டுக்காரிகள் சாட்சியாக இருந்தார்கள். ஒரு சின்னப் பஞ்சாயத்தே நடந்து முடிந்தது. ஆண்கள் ஊர்க்கூட்டத்தில் பேசுவார்கள், பெண்களுக்கு அங்கே இடம் கிடையாது. தார்சாவில் அவர்களுக்கு இடம் இருந்தது, பேச ஒரு வழக்கும் தினமும் கிடைத்தது.

இந்தப் பழக்கத்தை சன் டிவி கொண்டுவரவில்லை. வழக்கும் புதுசு இல்லை.

அண்ணன் வீட்டில் தங்கைக்கு என்ன உரிமை?

நல்லதங்காள் கதை தெரியாதவர்கள் தென்மாவட்டங்களில் குறைவு. புகுந்த ஊரில் பஞ்சம். ஏழு பிள்ளைகளோடு அண்ணன் நல்லதம்பி வீட்டுக்கு வருகிறாள். அண்ணன் ஊரில் இல்லை. அண்ணி மூளி அலங்காரி சோறு போடாமல் பட்டினி போடுகிறாள். அவமானம் தாங்காமல் பிள்ளைகளை ஒவ்வொன்றாகக் கிணற்றில் போட்டுவிட்டுத் தானும் விழுந்து செத்துப்போகிறாள். விருதுநகர் மாவட்டம் வத்திராயிருப்பு பக்கத்தில் அர்ச்சுனாபுரத்தில் அவளுக்குக் கோயில் இருக்கிறது. நாடக மேடையில், வில்லுப்பாட்டில், பெரிய எழுத்துப் புத்தகத்தில் என்று எல்லா வடிவத்திலும் வந்த கதை.

இந்தக் கதையை ஜனங்கள் எப்படிக் கேட்டார்கள் என்பதற்கு அந்தப் பெயரே சாட்சி. மூளி அலங்காரி என்பது ஒரு வசவாகவே ஆகிவிட்டது. வீட்டுக்கு வந்த நாத்தனாரை முகம் சுளித்துப் பார்க்கிற அண்ணிக்கு அந்தப் பட்டம் கிடைக்கும். மெட்டி ஒலி மாமியாரைத் திட்டியதும் இதுவும் ஒரே வேலைதான்.

ஏன் இந்தக் கதை இவ்வளவு காலம் நின்றது என்று யோசித்தால், அது பதில் கிடைக்காத ஒரு கேள்வியைக் கேட்கிறது. கட்டிக்கொடுத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டில் என்ன உரிமை? அன்பு இருக்கலாம், சீர் வரலாம், தை மாசம் பொங்கப்படி வரலாம். ஆனால் அண்ணன் இல்லாத நேரத்தில் அண்ணி கதவைச் சாத்தினால்? பங்கு என்று கேட்க அவளுக்கு எதுவும் கிடையாது. 1989-இல்தான் தமிழ்நாட்டில் இந்து வாரிசுரிமைச் சட்டத்தைத் திருத்தி, பூர்வீகச் சொத்தில் மகளுக்கும் மகனைப் போலப் பங்கு என்று வந்தது. அதுவும் அதற்கு முன்பே கல்யாணம் ஆனவர்களுக்குக் கிடையாது. இந்தியா முழுவதற்கும் 2005 செப்டம்பரில் மத்தியச் சட்டம் திருத்தப்பட்டது. அதாவது மெட்டி ஒலி முடிந்த அதே வருஷம்.

சட்டம் வந்த பிறகும் நிலைமை நமக்குத் தெரியும். பங்கைக் கேட்டால் பொங்கப்படி நின்றுவிடும். "கோர்ட்டுக்குப் போனவ" என்ற பெயர் வரும். அதனால் பெரும்பாலான அக்கா தங்கச்சிகள் விடுதலைப் பத்திரத்தில் கையெழுத்துப் போட்டுவிட்டு, தார்சாவில் உட்கார்ந்து மூளி அலங்காரியைத் திட்டினார்கள். கையெழுத்து ரிஜிஸ்டர் ஆபீஸில் இருக்கிறது. திட்டியதை யாரும் பதிவு செய்யவில்லை. பிற்காலத்தில் ஒரு ஆராய்ச்சியாளன் அந்தப் பத்திரத்தை மட்டும் பார்த்தால், எல்லாரும் மனசாரக் கொடுத்தார்கள் என்றுதான் எழுதுவான்.

வில்லடிக்கும் இடத்தில்

கேட்கிறவர்கள் கதையோடு எவ்வளவு தூரம் போவார்கள் என்பதை அறிய, நம்ம ஊர்க் கொடைக்குப் போனால் போதும். சுடலைமாடனுக்கோ இசக்கிக்கோ அம்மனுக்கோ கொடை. மேடையில் நீளமான வில், அதன் கீழே குடம், உடுக்கை, தாளம், கட்டை. அண்ணாவி ஒரு வரி பாட, பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போட்டுக் கதையை நகர்த்துவார். 1849-இல் கால்டுவெல் திருநெல்வேலிச் சீமையைப் பற்றி எழுதிய புத்தகத்திலேயே, மணிகள் கட்டிய இந்த வில்லைப் பற்றியும் அதோடு சேர்ந்த ஆட்டத்தைப் பற்றியும் வர்ணனை இருக்கிறது. ஒரு பாதிரியாரின் பார்வையில் அது பேய் வழிபாடு. கேட்கிற ஜனங்கள் மேல் வெளியாளுக்கு இருந்த இளக்காரமும் அந்த அளவுக்குப் பழசு.

ஸ்டூவர்ட் பிளாக்பர்ன் என்ற அமெரிக்க ஆராய்ச்சியாளர் நம்ம பக்கத்து வில்லுப்பாட்டை ஆராய்ந்து 1988-இல் ஒரு புத்தகம் போட்டார். அவர் கவனித்தது இது: கைலாயத்தில் பிறந்த தெய்வங்களின் கதை ஒரு வகை, இந்த மண்ணில் மனுஷனாகப் பிறந்து அநியாயமாகச் செத்துத் தெய்வமானவர்களின் கதை இன்னொரு வகை. இரண்டாவது வகையில், அந்தச் சாவைப் பாடுகிற கட்டத்தில்தான் சாமி ரொம்ப வேகமாக வரும். கோமரத்தாடி துள்ளி எழுவதும் குலவைச் சத்தம் எழும்புவதும் அப்போதுதான். ஒரு கொலையை, ஒரு துரோகத்தைச் சொல்லும்போது கேட்கிறவர்கள் கூட்டத்திலிருந்தே ஒருவர் செத்தவராக எழுந்து ஆடுகிறார். பார்வையாளரின் எதிர்வினை என்று நாம் சொல்வது அங்கே சடங்கின் உச்சம்.

மேடை நாடகத்திலும் இந்த வேகம் இருந்தது. தமிழ் நாடகத் தலைமை ஆசிரியர் என்று போற்றப்படும் சங்கரதாஸ் சுவாமிகள், தூத்துக்குடி பக்கம் காட்டுநாயக்கன்பட்டியில் 1867-இல் பிறந்தவர். அன்று அது திருநெல்வேலி ஜில்லா. ஆரம்பத்தில் எமன், சனீஸ்வரன் மாதிரி பயங்கர வேஷங்களில் நடித்தார். அவர் வேஷத்தைப் பார்த்து அதிர்ந்த கர்ப்பிணிப் பெண் ஒருத்திக்குத் தீங்கு நேர்ந்தது என்றும், அதிலிருந்து நடிப்பதை விட்டு நாடகம் எழுதுவதிலும் சொல்லிக்கொடுப்பதிலும் இறங்கினார் என்றும் அவர் வாழ்க்கையைச் சொல்கிறவர்கள் எல்லாரும் சொல்வார்கள். அந்தக் கதைப்படி, பார்த்தவரின் அதிர்ச்சி ஒரு நடிகரை ஆசிரியராக்கியிருக்கிறது.

முத்துப்பட்டன் கதையை மாற்றியது யார்?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறேன்.

பாபநாசத்துக்கு மேலே காரையாறில், தாமிரபரணிக் கரையில் சொரிமுத்து அய்யனார் கோயில் இருக்கிறது. அங்கே பட்டவராயன் என்று ஒரு தெய்வம், இரு பக்கமும் பொம்மக்கா, திம்மக்கா. இவர்தான் முத்துப்பட்டன். பிராமணப் பிள்ளை. காட்டில் இரண்டு பெண்களைப் பார்த்துக் கட்டினால் இவர்களைத்தான் கட்டுவேன் என்கிறான். அவர்கள் செருப்புத் தைக்கிற சக்கிலியர் குடும்பத்துப் பெண்கள், தகப்பன் பெயர் வாலைப் பகடை. "உன் பூணூலை அறு, குடுமியை எடு, செருப்புத் தைக்கக் கற்றுக்கொள், அப்புறம் பார்க்கலாம்" என்கிறார் பகடை. முத்துப்பட்டன் அத்தனையும் செய்கிறான். கல்யாணம் நடக்கிறது. மாமனாரின் மாடுகளைக் களவாட வந்தவர்களோடு சண்டை போட்டுச் செத்துப்போகிறான். பெண்கள் இருவரும் அவனோடு தீப்பாய்கிறார்கள்.

சாதியை விட்டு இறங்கி வந்தவன், மாமனார் வீட்டுக்காகச் செத்தவன். குடும்பக் கதைக்கு இதைவிட என்ன வேணும்!

இந்தக் கதைப்பாடலைச் சேகரித்துப் பதிப்பித்தவர் நா. வானமாமலை. 1917-இல் நாங்குநேரியில் பிறந்து, பாளையங்கோட்டையில் இருந்துகொண்டு நெல்லை ஆய்வுக் குழுவையும் 'ஆராய்ச்சி' இதழையும் நடத்தியவர். முத்துப்பட்டன் கதை 1971-இல் மதுரைப் பல்கலைக்கழக வெளியீடாக வந்தது. பாடல்களில் ஒரு விசித்திரம் உண்டு. சில வடிவங்களில், அந்த இரண்டு பெண்களும் உண்மையில் பிராமணக் குழந்தைகள், காட்டில் கிடந்தவர்களைப் பகடை எடுத்து வளர்த்தார் என்று வரும். அப்படியென்றால் முத்துப்பட்டன் செய்தது சாதிக் கலப்பே இல்லை! பிராமணன் பிராமணத்தியைக் கட்டினான், அவ்வளவுதான். பூணூலை அறுத்ததும் செருப்புத் தைத்ததும் அர்த்தமில்லாமல் போய்விடும்.

இது பின்னால் செருகியது, மேல்சாதியாரின் நிர்ப்பந்தத்தால் வந்த மாற்றம் என்பது நா.வா.வின் முடிவு.

இதை வாசித்தபோது சாஃப்ட்வேர்க்காரன் மூளைக்கு உடனே பட்டது ஒன்று. பயன்படுத்துகிறவர்களின் ஃபீட்பேக் என்று பொதுவாகச் சொல்வோம், ஆனால் எல்லா ஃபீட்பேக்கும் ஒரே எடை கிடையாது. காசு கொடுக்கிற கஸ்டமர் ஒரு வரி எழுதினால் புரோகிராம் மாறும். ஆயிரம் சாதாரண ஆட்கள் புலம்பினால் அது லிஸ்டில் கிடக்கும். வில்லுப்பாட்டுக்காரருக்கும் அதே நிலைமைதான். அவருக்குப் பிழைப்பு கொடைக்குக் கூப்பிடுகிறவர்களிடம். அவர்கள் முகம் சுளித்தால் அடுத்த வருஷம் அழைப்பு இல்லை. கதையில் தங்கள் சாதிக்காரன் கீழே இறங்குவதைச் சகிக்க முடியாதவர்கள் குரல் கொடுத்தார்கள், கதை வளைந்தது. பகடையின் பேரப்பிள்ளைகளும் அந்தக் கதையைக் கேட்டுக்கொண்டுதான் இருந்திருப்பார்கள். "எங்க வீட்டுப் பொண்ணை ஏன் பறிச்சே?" என்று அவர்கள் கேட்டிருந்தால் யார் காதில் ஏறியிருக்கும்?

ஆனாலும் அவர்களுக்கு ஒரு இடம் மிஞ்சியது. சொரிமுத்து அய்யனார் கோயிலில் பட்டவராயனுக்கு இன்றும் காணிக்கை என்ன தெரியுமா? செருப்பு. ஆடி அமாவாசைக்கு மலையேறிப் போகிறவர்கள் தோல் செருப்பு செய்து கொண்டுபோய்க் கட்டுகிறார்கள். சாமி ராத்திரியில் போட்டுக்கொண்டு நடக்கிறார், அடுத்த வருஷம் பார்த்தால் செருப்பு தேய்ந்திருக்கும் என்பது நம்பிக்கை. பாட்டில் பெண்களின் பிறப்பை மாற்றிவிட்டார்கள். செருப்பை மாற்ற முடியவில்லை. அவர் செருப்புத் தைத்த மருமகன்தான் என்று எல்லாச் சாதியாரும் கையில் காணிக்கையோடு ஒத்துக்கொள்கிறார்கள்.

கடிதமும் டிஆர்பியும்

இதே கேள்வி டிவி காலத்துக்கும் பொருந்தும். யார் சொன்னது எழுதுகிறவர் காதில் விழுந்தது?

தூர்தர்ஷனில் 1984 ஜூலை 7-இல் 'ஹம் லோக்' ஆரம்பித்தது. இந்தியாவின் முதல் பெரிய குடும்பத் தொடர். 156 எபிசோடு. ஒவ்வொன்றின் முடிவிலும் நடிகர் அசோக் குமார் வந்து அன்றைய பிரச்சினையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார். மெக்சிகோவில் மிகேல் சபிதோ என்பவர் கண்டுபிடித்த ஃபார்முலா அது: நல்ல பாத்திரம், கெட்ட பாத்திரம், இரண்டுக்கும் நடுவில் தடுமாறுகிற பாத்திரம் வைத்தால், பார்க்கிறவர்கள் பாடம் கற்றுக்கொள்வார்கள். இந்தத் தொடருக்குச் சுமார் 4 லட்சம் கடிதங்கள் வந்தன. ஆனால் ஒரு விஷயம் ஃபார்முலாவை மீறிப் போனது. குட்டக் குட்டக் குனிகிற அம்மா பாகவந்தியை, "இப்படி இருக்காதீங்க" என்று காட்டத்தான் வைத்தார்கள். பார்த்தவர்களில் பலர், "இப்படித்தான் இருக்கணும்" என்று எடுத்துக்கொண்டார்கள். அதை ஆராய்ந்த அர்விந்த் சிங்காலும் எவரெட் ராஜர்ஸும் இதைப் பதிவு செய்திருக்கிறார்கள். மொழி இந்தி என்பதால் தெற்கே அந்த அலை அவ்வளவாக அடிக்கவில்லை. நமக்கு அந்த அலை வந்தது சன் டிவியில், 1999 கடைசியில் ராதிகாவின் 'சித்தி' தொடங்கிய பிறகு.

பார்வையாளர் எழுத்தாளரை மீறுவது இப்போதும் நடக்கிறது. 'கோலங்கள்' எடுத்த திருச்செல்வத்தின் 'எதிர்நீச்சல்' 2022-இல் தொடங்கியது. வீட்டுப் பெண்களை அடக்கி ஆள்கிற ஆதி குணசேகரனாக ஜி. மாரிமுத்து. கதையின் முடிச்சு என்ன தெரியுமா? அப்பத்தாவின் பெயரில் இருக்கிற நாற்பது சதவீதச் சொத்து. மறுபடியும் அதே வழக்கு, வீட்டுப் பெண்ணுக்கு என்ன பங்கு! வெறுக்க வேண்டிய குணசேகரனை ஊரே ரசித்தது. "இந்தாம்மா ஏய்" என்று சின்னப் பிள்ளைகள் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள். 2023 செப்டம்பர் 8-ஆம் தேதி மாரிமுத்து திடீரென்று மாரடைப்பில் இறந்தபோது, சொந்தக்காரர் போன மாதிரி வீடுகளில் வருத்தப்பட்டார்கள். அவரைத் திட்டிக்கொண்டிருந்த பெண்களும்தான். நடிகர் வேறு, பாத்திரம் வேறு என்று தெரியாதவர்கள் அப்படி அழ மாட்டார்கள்.

பிரிட்டனில் 2011 ஆரம்பத்தில் 'ஈஸ்ட்எண்டர்ஸ்' தொடரில், குழந்தையைப் பறிகொடுத்த தாய் ஒருத்தி பக்கத்து வீட்டுக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தன் செத்த குழந்தையை அங்கே போட்டுவிடுவதாகக் காட்டினார்கள். ஆயிரக்கணக்கில் புகார்கள். குழந்தையை இழந்த நிஜத் தாய்மார்கள், "நாங்கள் அப்படிப்பட்டவர்கள் இல்லை" என்றார்கள். பிபிசி அந்தக் கதையைச் சுருக்கி முடித்தது. அங்கே புகார் வாங்கி எண்ணுவதற்கு ஒரு அமைப்பு இருந்தது.

நம்ம ஊரில் எண்ணுவது டிஆர்பி. தேர்ந்தெடுத்த சில வீடுகளில் கருவி வைத்து, எத்தனை பேர் பார்த்தார்கள் என்று கணக்கு எடுக்கிறது. பார்த்தது தெரியும். பார்த்து என்ன சொன்னார்கள் என்பது தெரியாது. மாணிக்கத்தை "சவத்து மூதி" என்று திட்டியபடி பார்த்தவளும், "மருமகளுக்கு இது வேணும்" என்று பார்த்தவளும் அந்தக் கருவிக்கு ஒண்ணுதான். அதனால் மாமியார் கொடுமை நல்லா ஓடுது என்று இன்னும் நூறு எபிசோடு கொடுமை வரும். அவள் சொன்ன தீர்ப்பு, இன்னும் கொஞ்சம் கொடு என்று கேட்டதாகப் பதிவாகிவிட்டது.

இன்னொரு மாற்றமும் நடந்தது. 2006 செப்டம்பரில் தமிழக அரசு இலவச கலர் டிவி கொடுக்கத் தொடங்கியது. மொத்தம் ஒன்றரைக் கோடிக்கும் மேல் டிவிகள். அதுவரை பஞ்சாயத்து டிவி ரூமிலோ பக்கத்து வீட்டு வாசல்படியிலோ உட்கார்ந்து, விரட்டினால் எழுந்து போக வேண்டிய நிலையில் பார்த்தவர்களுக்குச் சொந்த வீட்டில் டிவி வந்தது. அந்த மரியாதையைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். இன்னொருத்தர் வாசலில் நின்று டிவி பார்த்தவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். கூடவே தார்சாக் கூட்டம் கொஞ்சம் கொஞ்சமாகக் கலைந்தது. இப்போது அவரவர் வீட்டில், பிறகு அவரவர் போனில். திட்டுவது நிற்கவில்லை. பக்கத்தில் இருந்து "அவன் என்னக்கா செய்வான்?" என்று கேட்க ஆள் இல்லை.

ஒரு வேண்டுகோள்

நா.வா.வும் அவர் கூட்டாளிகளும் ஊர் ஊராகப் போய்ப் பாட்டின் வெவ்வேறு வடிவங்களைச் சேகரித்ததால்தான், ஒரு வடிவத்தில் பெண்கள் சக்கிலியர், இன்னொன்றில் பிராமணர் என்ற வித்தியாசம் நமக்குத் தெரிகிறது. ஒரே ஒரு வடிவம் மட்டும் மிஞ்சியிருந்தால், அதுவும் திருத்திய வடிவமாக இருந்திருந்தால், முத்துப்பட்டன் கதை இன்று வேறொரு கதை.

மெட்டி ஒலியின் 811 எபிசோடும் எங்கேயாவது ஒரு சர்வரில் பத்திரமாக இருக்கும். அதைப் பார்த்துச் சொன்ன தீர்ப்புகள் எங்கேயும் இல்லை. அவை அந்தக் காலத்துப் பெண்கள் வரதட்சணையைப் பற்றி, தனிக்குடித்தனத்தைப் பற்றி, பிறந்த வீட்டுப் பங்கைப் பற்றி வாய்விட்டுச் சொன்ன கருத்துகள். இவர்கள் மனு எழுதியவர்கள் இல்லை, பத்திரிகைக்குக் கடிதம் போட்டவர்களும் இல்லை. வேறு எந்த ஆவணத்திலும் இவர்கள் குரல் கிடைக்காது.

அதனால் ஒன்று செய்யுங்கள். உங்கள் வீட்டில் அம்மாவோ ஆச்சியோ மயினியோ இருந்தால், சித்தி, மெட்டி ஒலி, கோலங்கள் காலத்தில் யாரை ரொம்பத் திட்டினார்கள், ஏன் திட்டினார்கள் என்று கேளுங்கள். "அதெல்லாம் சும்மா பாத்தது" என்றுதான் முதலில் சொல்வார்கள். கொஞ்ச நேரம் விட்டு, அப்போது பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தது யார் யார் என்று கேளுங்கள். அதிலிருந்து பேச்சு தானாகக் கிளம்பும். போனில் பதிவு செய்து வையுங்கள். ஊர், வருஷம், யார் வீட்டுத் தார்சா என்பதையும் மறக்காமல் குறித்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பெரியம்மையிடம் போன தீபாவளிக்குத்தான் கேட்டேன். சரோஜாவின் மாமியாரைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. "அந்தச் சிதம்பரம்தான் பாவம். அஞ்சு புள்ளைகளையும் கெட்டிக்குடுத்தான், ஒருத்திக்காவது ஒரு செண்டு நெலம் எழுதிவச்சானா?" என்றார்கள்.